பன்னிரண்டு மீட்டர் கம்பியை வெட்டும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டுமானக் கம்பியின் விலையேற்றம் பற்றிப் பேசும் நாம், வாங்கிய கம்பியை எப்படி வெட்டுகிறோம் என்று பேசுவதில்லை. கட்டடப் பொறியாளனாகப் பல சைட்டுகளில் இந்த வீணைப் பார்த்து வருந்தியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. ஒரு வேலைக்கு 5.4, 4.2, 2.4 மீட்டர் நீளங்களில் தலா 40 துண்டுகள் தேவை என்று கொள்வோம். ஒவ்வொரு நீளத்தையும் தனித்தனியே வெட்டினால் 48 கம்பிகள் ஆகும். அனுபவமுள்ள கம்பி வேலைக்காரர், ஒரு கம்பியில் இரண்டு 4.2 மீட்டர் துண்டுகளை வெட்டியபின் மிஞ்சும் 3.6 மீட்டரிலிருந்தே 2.4 மீட்டரை எடுத்து, 44 கம்பிகளில் முடித்துவிடுவார்; அவருடைய கண் கணக்கை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்று நீளங்களையும் ஒரே கம்பியில் சேர்த்து வெட்டினால் 40 போதும். 16 மி.மீ. கம்பியானால், 48க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம் சுமார் 150 கிலோ.

இங்கே மூன்று நீளங்கள்தான். ஒரு கட்டடத்துக்கு எந்த நீளத்தில் எத்தனை துண்டுகள் தேவை என்று பட்டியலிடும் கம்பி அட்டவணையில் முப்பது, நாற்பது நீளங்கள் வரும்போது, வெட்டும் முறைகள் எண்ணி முடியாத அளவுக்குப் பெருகிவிடுகின்றன. 1939இல் லெனின்கிராடில், ஒட்டுப்பலகைத் தொழிலிலிருந்து வந்த ஒரு கேள்வியில் தொடங்கிய சோவியத் கணிதவியலாளர் கன்டரோவிச், பொருள்களை வீணின்றி வெட்டுவதையும் கணிதமாக்கினார். 1975இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கில்மோர், கோமோரி என்ற இருவர் 1961இல் காட்டிய வழி இன்னும் அழகானது. எல்லா முறைகளையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு மதிப்பைக் கணக்கிட்டு, துண்டுகளின் கூட்டு மதிப்பு ஒரு முழுக் கம்பியின் விலையைத் தாண்டும் முறையை மட்டும் தேடிச் சேர்த்துக்கொண்டே போனால் போதும். இன்று சாதாரண மடிக்கணினியே இதைச் செய்துவிடும். இலவச மென்பொருள்களும் உண்டு.

வணிகக் கணிதம் படிக்கும் பள்ளி மாணவர்கள் இந்தக் கணிதத்தை, அதாவது நேரிய திட்டமிடலை (linear programming), இரண்டு மாறிகளோடு வரைபடத்தாளில் போடுகிறார்கள். கம்பியைத் தொடப்போகும் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு, உண்மையான கம்பி அட்டவணையையே கையில் கொடுத்து இதைக் கற்பிக்க வேண்டும். ஒப்பந்தப் பத்திரங்களிலும், சேதாரம் இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே எழுதிவிடாமல், வெட்டும் திட்டத்தை இணைக்குமாறு கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பொறியாளர், கோயம்புத்தூர்