புதுப் பாட்டுக்கும் நடுமேடை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இசையையே தொழிலாக எடுக்க நினைக்கும் இளைஞர்களுக்கு யோசனை சொல்லி, உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் பழைய உருப்படிகளில், அதாவது முன்னோர் இயற்றிய பாட்டுகளில், பேர் வாங்க வேண்டும், இந்தக் காலத்தவர் இயற்றியதை அப்புறம் தொட்டால் போதும் என்கிறது அது. குன்னூரில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவள் நான். கர்நாடகம் படிப்பவர்களும் வருகிறார்கள், மேற்கத்திய இசைக்கான லண்டன் கிரேடு தேர்வு எழுதுபவர்களும் வருகிறார்கள். அந்த யோசனையை இவர்கள் நம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. பேர் வந்தபின் ரசிகர்கள் கேட்பது, பேர் வாங்கிக் கொடுத்த உருப்படியைத்தான்.

லூயி கிராஸ்னர் என்ற அமெரிக்க வயலின் கலைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். 1935இல் அவருக்கு முப்பதைத் தாண்டிச் சில வருஷங்கள்தான். எந்தச் சுரத்தையும் ஆதாரமாக வைக்காமல் பன்னிரண்டு சுரங்களையும் சமமாக அடுக்கி எழுதும் பன்னிரு சுர முறை இசையில் உணர்ச்சியே கிடையாது என்று பலரும் சொல்லிவந்த நேரம். அவர் வியன்னாவில் அந்த முறையில் எழுதிவந்த இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க்கிடம் போய், பணம் கொடுத்து, வயலின் கான்செர்ட்டோ ஒன்று, அதாவது வயலினை முன்னிறுத்தி வாத்தியக் குழுவோடு வாசிக்கும் படைப்பு ஒன்று, எழுதித் தரச் சொன்னார். ஜெர்மனியில் நாஜிகள் வந்தபின் பெர்க்கின் இசைக்கு அங்கே இடமில்லை. கையில் காசும் இல்லை. எழுதிக்கொண்டிருந்த ஆப்பெராவை (இசை நாடகத்தை) நிறுத்திவிட்டு அந்தக் கோடையிலேயே முடித்துக் கொடுத்தார். டிசம்பரில் இறந்தும் போனார். 1936 ஏப்ரலில் பார்சிலோனாவில் கிராஸ்னர் அதை முதன்முதலாக வாசித்தபோது கேட்க பெர்க் இல்லை. இன்று உலகமெங்கும் வயலின் கலைஞர்கள் அதை வாசிக்கிறார்கள். அந்த இளைஞர் 'அப்புறம்' என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தால் அந்தப் படைப்பே பிறந்திருக்காது.

1959இல் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் எழுதிக் கொடுத்த செல்லோ கான்செர்ட்டோவைச் செல்லோ கலைஞர் ரொஸ்ட்ரோபோவிச் நான்கே நாளில் மனப்பாடம் செய்தார். 1973இல் தொடங்கிய குரோனோஸ் குவார்ட்டெட் என்ற அமெரிக்க நால்வர் குழு (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) ஆயிரத்துக்கும் மேல் புதிய படைப்புகளை எழுதி வாங்கியிருக்கிறது. அவற்றில் 50, இளங்கலைஞர்களுக்கென்றே கேட்டு வாங்கியவை; ஸ்கோரை (இசைக் குறிப்பை) இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். என் மாணவர்கள் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு வந்தார்கள். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா எங்களிடம் இல்லை. ஒரு வயலினில் வயோலாத் தந்திகளைக் கட்டினோம். செல்லோவின் பகுதியைக் கீபோர்டில் சமாளித்தோம். எழுதியவர் உயிரோடிருக்கிறார், சந்தேகம் வந்தால் கேட்டுக் கடிதம் போடலாம் என்று சொன்னதும் அந்தப் பிள்ளைகள் முகத்தில் வந்த ஆர்வத்தை வேறு எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை.

நம் பக்கமும் அப்படித்தானே? பாபநாசம் சிவன் பாட்டுகள் இன்று பழைய உருப்படிகள். மதுரை மணி ஐயரும் டி.கே. பட்டம்மாளும் அவற்றை மேடையில் பாடியபோது, சிவன் மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை பாடிப் போய்க்கொண்டிருந்தவர். 1973 வரை வாழ்ந்தவர். அன்றைய வித்வான்கள் காத்திருக்கவில்லை.

இப்போது என்ன நடக்கிறது? கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் ஊர் (ஹட்டி) ஒன்றிலிருந்து என்னிடம் வரும் மாணவி, படுகர்கள் கும்பிடும் ஹெத்தையம்மன் பண்டிகையில் பாட்டி பாடக் கேட்ட படுகு மெட்டை வைத்து ஏழு நிமிடத்துக்கு ஒரு உருப்படி அமைத்திருக்கிறாள். நல்ல உருப்படி, ஆசிரியை என்பதற்காகச் சொல்லவில்லை. இங்கே ஒரு நிகழ்ச்சியில் அதை வாசிக்க நேரம் கேட்டுப் பார்த்தோம். கடைசியில், நன்றியுரைக்கு முன்னால், இரண்டு நிமிடம் தருவதாகச் சொன்னார்கள். கச்சேரியிலும் இதே கதைதான். மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிக் கூட்டம் எழுந்த பிறகு, கடைசியில் வரும் சின்னப் பாட்டுகளான துக்கடாவோடு துக்கடாவாகப் புதுப் பாட்டு வரும். அந்த நேரத்தில் கேட்ட பாட்டை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

துணிந்து வாசிக்க ஆள் இருக்கிறார்கள். இடமும் சம்பாவனையும்தான் இல்லை. பாடுபவருக்குக் கொடுப்பதில் ஒரு பங்காவது இயற்றியவருக்கும் போக வேண்டும். கிராஸ்னர் பெர்க்குக்குக் காசு கொடுத்துத்தான் கேட்டார்.

நீலகிரியில் மே மாதக் கோடை விழாவுக்கு நிகழ்ச்சி அமைப்பவர்களை உங்கள் பத்திரிகை வழியாகவே கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு மாலையும் உயிரோடிருக்கும் ஒருவர் இயற்றிய உருப்படி ஒன்றை, முழுசாக, கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்தில் வையுங்கள். இயற்றியவர் பெயரை அழைப்பிதழிலேயே போடுங்கள். என் கோத்தகிரி மாணவி ஏழு நிமிடத்தையும் வாசிக்கத் தயாராக இருக்கிறாள்.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியை,
குன்னூர்.