செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: ஐஸ்லாந்து கோச் பயணமும் இதர வேலைகளும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் மழைக்காலத்தில் ஒன்று தவிர மற்றவை நடந்தன. அரிச்சல்முனை, தேவிபட்டினம் ஒருநாள் பயணங்களும் நடந்தன. குருசடைத் தீவுப் படகுப் பயணத்துக்குக் கடல் இடம் கொடுக்கவில்லை. சந்தா பாக்கியைப் பொருளாளர் வாசிப்பார். பெயர் சொல்லமாட்டார், ஆகவே யாரும் எழுந்து போக வேண்டாம்.

மீதி அறிக்கை முழுக்க ஜூனில் நடந்த ஐஸ்லாந்து பயணம் பற்றியது. அடுத்த குழுவுக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கு இதுவே கையேடு.

வழித்தடத்தில்தான் அதிக வாக்குவாதம் இருந்தது. அந்த நாட்டைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலை சுமார் 1,322 கி.மீ. எட்டு நாளில் சுற்றிவிடலாம்தான், ஜன்னல் வழியாக. செயற்குழு தென்கரையை மட்டும் எடுத்தது. அது சரியான முடிவு என்பதே என் கருத்து. காரணம் ஓட்டுநரின் நேரம். ஐரோப்பிய விதிப்படி கோச் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். இதையெல்லாம் வண்டியிலுள்ள கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். "இன்னும் அரை மணி நேரம் தள்ளுங்கண்ணே" என்ற நம்மூர்ப் பேச்சு அங்கே செல்லாது.

தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து விக் என்ற ஊர் 187 கி.மீ. அங்கிருந்து யோகுல்சார்லோன் பனி ஏரி இன்னும் 190 கி.மீ. அளவு. ஒரே நாளில் போய்த் திரும்பினால் 750 கி.மீ. ராமநாதபுரத்திலிருந்து சென்னை போய், திரும்பும் வழியில் விழுப்புரத்தையும் தாண்டுவதற்குச் சமம். தார்ச்சாலை உச்சவேகமே 90 கி.மீ. என்பதால் பத்து மணி நேரம் இருக்கையிலேயே போய்விடும். ஏரிக்கரையில் நிற்க அரை மணி நேரம் மிஞ்சும். அதனால் விக் பக்கம் இரண்டு இரவும், பனி ஏரிக்குக் கிழக்கே 80 கி.மீ. தள்ளியுள்ள ஹோஃப்ன் துறைமுகத்தில் இரண்டு இரவும் தங்கினோம். அறை வாடகை கூடியது. நின்று பார்க்கும் நேரம் அதைவிட அதிகமாகக் கூடியது.

அடுத்தது காற்று. அங்கே மழைக்கு யாரும் பயப்படுவதில்லை, காற்றுக்குத்தான் பயப்படுகிறார்கள். இது நமக்குப் புதிதல்ல. பழைய பாம்பன் ரயில் பாலம் பயன்பாட்டில் இருந்தபோது காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் பூட்டிக்கொள்ளும். அங்கே வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று அறிவிக்கிறார்கள், 3.6-ஆல் பெருக்கினால் நம் கணக்குக்கு வந்துவிடும். வினாடிக்கு 15 மீட்டர் என்றால் மணிக்கு 54 கி.மீ.; ஏறக்குறைய நம் பாலத்துக் கணக்கே. அந்த அளவிலேயே உயரமான வண்டிகள் கவனம் என்பார்கள். மலையடிவாரச் சாலைகளில் இதைவிட மோசமான குத்துக்காற்று திடீரென இறங்கும். வழிகாட்டி காலையில் சாலை நிலவரம், வானிலை எச்சரிக்கை இரண்டையும் பார்த்துவிட்டு நிறுத்தங்களை முன்பின்னாக மாற்றினால் அவரிடம் தகராறு செய்யக் கூடாது. கோச்சின் கதவு திறந்ததும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். குடை வேண்டவே வேண்டாம்; இரண்டாம் நாளே குப்பைத் தொட்டிக்குப் போகும்.

தென்கரைச் சாலையை விளங்கிக்கொள்ள எரிமலையும் பனியும் ஒரே இடத்தில் இருப்பதால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். வத்னயோகுல் என்ற பனிக்கவிப்பு நம் மாவட்டத்தைவிடப் பெரிது. சில இடங்களில் பனியின் தடிமன் 900 மீட்டரைத் தாண்டும். அதன் அடியில் எரிமலைகள் இருக்கின்றன. 1996 செப்டம்பர் கடைசியில் பனிக்கு அடியில் ஒரு வெடிப்பு தொடங்கியது. உருகிய நீர் உடனே வெளியே வரவில்லை. கிரிம்ஸ்வோத்ன் என்ற பள்ளத்தில் பனிக்கடியில் ஒரு மாதத்துக்கு மேல் தேங்கி, நவம்பர் 5 அன்று பனியையே தூக்கிக்கொண்டு வெளியேறியது. வீட்டளவு பனிக்கட்டிகள் மணல்வெளியில் உருண்டு வந்து மோதியதில் சாலைப் பாலம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டது, இன்னொன்று சேதமானது. முறுகிப்போன இரும்பு உத்தரங்கள் ஸ்காஃப்தாஃபெல் அருகே சாலையோரம் நினைவாக வைக்கப்பட்டிருக்கின்றன. 1964 புயலில் பாம்பன் பாலம் சிதைந்து 46 நாளில் சீரமைக்கப்பட்ட வரலாறு நம் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த உத்தரத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2009-க்குப் பிறகு பனியாறு பின்வாங்கியதால் ஸ்கெய்தாரா ஆறே இடம் மாறி, நீளமான பழைய பாலம் தண்ணீரில்லாமல் நிற்கிறது. அவசரமாகச் சுற்றும் பயணக் குழுக்கள் இங்கே பத்து நிமிடம்தான் நிறுத்தும். நாம் முக்கால் மணி நேரம் கேட்டு வாங்கினோம்.

விக் ஊருக்கு மேலே மிர்தல்ஸ்யோகுல் பனிக்கடியில் கத்லா எரிமலை. கடைசிப் பெருவெடிப்பு 1918-ல். பக்கத்து ஏயாஃப்யத்லயோகுல் 2010 ஏப்ரலில் ஐரோப்பிய விமானங்களை நிறுத்தியது. எரிமலைக் குழம்பு பனிநீரைத் தொட்டதும் நொறுங்கி மாவுபோன்ற சாம்பலானதால்தான் அது அவ்வளவு தூரம் பறந்தது. கிழக்கே போகும்போது பாசி மூடிய கரடுமுரடான வெளி வரும். 1783–84-ல் லாகிப் பிளவிலிருந்து எட்டு மாதம் வழிந்த குழம்பு அது. ஃப்ளோரின் படிந்த புல்லைத் தின்று ஆடுமாடுகள் மடிந்தன. பஞ்சத்தில் நாட்டில் ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். அந்தப் பாசியில் ஒரு கால் தடம் ஆற பல ஆண்டுகள் ஆகும். படம் எடுக்கிறேன் என்று வேலி தாண்டக் கூடாது.

ரெய்னிஸ்ஃப்யாரா கருமணல் கடற்கரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடற்கரைக்காரர்களான நாமே அங்கே ஏமாறுவோம். மன்னார் வளைகுடாவில் பவளத்திட்டும் தீவுகளும் அலையை உடைத்து அனுப்புகின்றன. அங்கே தடுக்க எதுவுமில்லை, கரையும் சட்டென்று ஆழமாகிறது. நாலைந்து அலை சாதுவாக வந்துவிட்டு, ஒரு அலை மேட்டின் கால் வரை ஏறி ஆளை இழுக்கும். கள்ளக்கடல் என்று நாம் சொல்வதன் குணம்தான்: உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தூரத்துப் புயலின் வீச்சு வந்து சேரும். அங்கே எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். எந்த விளக்கானாலும் கடலுக்கு முதுகு காட்டக் கூடாது, கால் நனைக்கக் கூடாது.

பனியில் நடப்பது தனியாகப் பணம் கட்டும் வேலை. சோல்ஹெய்மயோகுல் பனியாற்றில் ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் தளம், இடுப்பு வார், பனிக்கோடரி எல்லாம் வழிகாட்டியே தருவார். கணுக்கால் மூடிய கெட்டியான ஷூ நம்மிடம் இருக்க வேண்டும்; நடைப்பயிற்சி ஷூவில் முள் தளம் நிற்காது, கழன்றுவிடும். நடக்கும்போது காலை அகட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் முள் மறுகாலின் பேன்ட்டில் மாட்டி ஆளைக் கவிழ்க்கும். கோடையில் இயற்கைப் பனிக்குகைக்குப் போவது வேண்டாம் என்பது செயற்குழு முடிவு. 2024 ஆகஸ்டில் பிரெய்தாமெர்குர்யோகுல் பனியாற்றில் பனி இடிந்து சுற்றுலாப் பயணி ஒருவர் இறந்தார். யோகுல்சார்லோனில் நீரிலும் நிலத்திலும் ஓடும் படகு போதும். பனிப்பாறைகளில் கறுப்புக் கோடு தெரிந்தால் அழுக்கு என்று எண்ண வேண்டாம்; பழைய வெடிப்புகளின் சாம்பல். கரையோரம் ஒதுங்கிய கட்டியில் ஏறக் கூடாது, எப்போது புரளும் என்று சொல்ல முடியாது.

திங்வெட்லிர் பிளவுப் பள்ளத்தாக்கு, கெய்சிர் வெந்நீர் ஊற்றுப் பகுதி, குட்ல்ஃபோஸ் அருவி மூன்றும் தலைநகரிலிருந்து ஒரு நாள் சுற்று. ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீறிடும்; காற்று நம் முதுகில் படும் பக்கமாக நிற்க வேண்டும். மற்றவை எல்லாக் கையேட்டிலும் இருக்கின்றன.

இனி, தவறியவை.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தவர்களுக்குப் பயணச்சீட்டில் பெயர் ஒரு மாதிரியும் விசாப் படிவத்தில் வேறு மாதிரியும் விழுந்து திருத்த வேண்டிவந்தது. தகப்பனார் பெயர் முன்னெழுத்தை விரித்து எழுதுவதா விடுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்து, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி போட வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாவுக்கு, ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும்.

இரண்டாவது, விமான மாற்றம். குடியேற்றச் சோதனை ஐஸ்லாந்தில் இல்லை, ஷெங்கன் நாடுகளில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே முடிந்துவிடும். முகவர் ஒன்றரை மணி நேர இடைவெளியில் சீட்டு போட்டிருந்தார். கூட்டமாகப் போனால் வரிசையிலேயே அது கரைந்துவிடும், கரைந்தது. பெட்டிகள் ஒரு நாள் பின்தங்கின. 2025 அக்டோபர் 12 முதல் முகப்படம் எடுத்துக் கணினியில் பதியும் புதிய முறையும் வந்திருக்கிறது. அடுத்த முறை மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை ஏற்க வேண்டாம். ஒரு கம்பளி உடுப்பும் மாத்திரைகளும் கைப்பையில் இருக்கட்டும்.

ரெய்க்யாவிக் நகர மையத்துக்குள் பெரிய கோச் நுழையாது. எண் போட்ட நிறுத்தத்தில் இறக்கிவிடும், மீதி தூரம் பெட்டியை உருட்ட வேண்டும். முன் இருக்கைச் சண்டையைத் தவிர்க்கத் தினமும் இரண்டு வரிசை நகர்ந்து உட்காரும் முறை வைத்தோம். அது மட்டும் எல்லோருக்கும் பிடித்தது.

ஜீன்ஸும் பருத்தியும் நனைந்தால் காயாது. உள்ளே கம்பளிப் பனியன், நடுவில் கதகதப்பான மேலாடை, வெளியே காற்றும் நீரும் புகாத சட்டையும் பேன்ட்டும் என மூன்று அடுக்கு வேண்டும். ஜூலையிலும் 10 முதல் 13 டிகிரிதான். ஜூனில் சூரியன் நள்ளிரவை ஒட்டித்தான் மறைகிறது. கண்மூடி கொண்டு போகாதவர்கள் தூங்கவில்லை. கீழக்கரை உறுப்பினர்கள் தொழுகை நேரங்களை முன்பே ஆலிம்களிடம் கேட்டுக் குறித்து வந்தது நல்ல ஏற்பாடு. வெந்நீரில் கந்தக வாடை வரும், கெடுதல் இல்லை. ஆனால் மெட்டியும் கொலுசும் கறுத்துவிடும். குழாயின் குளிர்நீரை அப்படியே குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு வீண். பொது நீச்சல் குளத்தில் உடையில்லாமல் குளித்த பிறகே இறங்கவிடுவார்கள். தடுப்பறை உள்ள இடமாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போக முடியாது, ஆகவே நெய்ப் பலகாரத்தை வீட்டிலேயே வைத்துவிடலாம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல் போதும். அங்கே ஹார்த்ஃபிஸ்குர் என்று உப்பில்லாமல் காற்றில் மட்டும் காயவைத்த மீனை வெண்ணெய் தடவித் தின்கிறார்கள். கருவாடு தெரிந்த நம் ஆட்கள் முகர்ந்து பார்த்துவிட்டு உப்பு கேட்டார்கள்.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானம். சோல்ஹெய்மயோகுல் எவ்வளவு பின்வாங்குகிறது என்பதை அருகிலுள்ள ஹ்வோல்ஸ்வோத்லூர் பள்ளிப் பிள்ளைகள் 2010 முதல் ஆண்டுதோறும் அளந்து பலகையில் எழுதி வருகிறார்கள். அதேபோல அரிச்சல்முனைப் பக்கம் அலை எட்டாத ஒரு நிலையான கட்டுமானத்தை அடையாளமாக வைத்து, அங்கிருந்து ஈரக்கோடு வரை 50 மீட்டர் டேப்பால் அளக்க உத்தேசம். கச்சான் காலத்தில் ஒன்று, வாடை ஓய்ந்த பிறகு ஒன்று என ஆண்டுக்கு இரண்டு அளவு. இரண்டும் ஒரே ஏற்றவற்ற நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. எனவே அமாவாசைக்கு மறுநாள் வற்றத்தில் அளப்போம். டேப்பைத் தொய்யவிடக் கூடாது, மூன்று முறை அளந்து நடு அளவை எழுத வேண்டும். வனத்துறையிடமும் மற்ற அலுவலகங்களிடமும் கேட்க வேண்டிய அனுமதிக்குக் கடிதம் தயார். டேப்பும் பதிவேடும் வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்