அச்சு அசலாக இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

உருவப்படம் என்றாலே ‘அச்சு அசலாக இருக்கிறது’ என்று பாராட்டிவிட்டு நம் பத்திரிகைகள் நகர்ந்துவிடுகின்றன, எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. 2018-இல் திறக்கப்பட்ட மிஷேல் ஒபாமா படத்தில் அமெரிக்க ஓவியர் ஏமி ஷெரால்ட் தோலைச் சாம்பல் நிறத்தில்தான் தீட்டினார். நிறத்தை வைத்து ஆளை எடைபோட வழியில்லாமல் போகிறது, பார்வை நேராக முகபாவத்துக்கும் உடைக்கும் போகிறது. இன்னொரு அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் நேர் எதிர். பல வகைக் கறுப்பு நிறமிகளாலேயே மனிதர்களை வரைகிறார், கிட்டே போனால் அந்தக் கறுப்புக்குள் நீலமும் காவியும் கலந்திருப்பது தெரியும். அப்புறம் பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட்: கிரெம்னிட்ஸ் வெள்ளை என்ற ஈயம் மிகுந்த வண்ணத்தைத் தடிமனாக ஏற்றித் தோலின் கனத்தையே காட்டினார். இந்த மேடுபள்ளம் அச்சில் வராது. விமர்சகர்களைத் தயவுசெய்து படத்தை நேரில் பார்த்து, வண்ணம் எப்படிப் பூசப்பட்டிருக்கிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர்