நாத்தனார் முடிச்சு நீதான் போடணும் பாப்பா

பாப்பா,

சாப்டியா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் எறங்கியிருக்கு, மாடி டேங்க் மறுபடி ஒழுகுது, அது கெடக்கட்டும். போன் போட்டா "மீட்டிங்ல இருக்கேன்மா"ன்னு வச்சிடுற, வீடியோ கால் வர்றதே இல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன். நேரம் கெடைக்கறப்ப படி, ஆனா முழுசா படி.

சேலத்துலேர்ந்து உன்னப் பொண்ணு பாக்க வந்தாங்களே, அந்த விஷயத்த நான் கேக்கப் போறதில்ல. சித்தி சொல்லிட்டா, அவங்க என்ன சொல்லிட்டுப் போனாங்கன்னும் சொல்லிட்டா. அது போகட்டும். நான் ஸ்டிக் பத்தித்தான் எழுதறேன்.

தீவாளிக்கு வந்தப்ப பாத்தேன், நீ நடக்கும்போது வலது கைய தொடையில அழுத்தி அழுத்தி நடக்குற. அதுக்கு முன்னாடி அப்படி நடந்து நான் பாத்ததே இல்ல. காலுக்குத் தாங்கலா மாட்டற கேலிப்பர் எங்கன்னு கேட்டா ரூம்ல இருக்குன்னு சொல்ற, டாக்டர் வாங்கச் சொன்ன ஸ்டிக் கதவுக்குப் பின்னாடி கவர் கூட பிரிக்காம நிக்குதுன்னு உன் ரூம்மேட் சொல்றா. டாக்டர் சொன்னப்ப நானும் பக்கத்துல தான உக்காந்திருந்தேன். போலியோ வந்து முப்பது வருசம் கழிச்சும் புதுசா பலம் கொறையும், அசதி வரும், வலி வரும், குளிர் தாங்காதுன்னு சொன்னாரு. அன்னிக்கு செத்துப்போன நரம்போட வேலையையும் சேத்து மிச்ச நரம்புங்க இத்தன வருசமா இழுத்திருக்கு, அது இப்ப களைச்சுப் போகுது, மேல மேல வேல குடுத்தா இன்னும் போயிரும்னு சொன்னாரா இல்லையா. எக்ஸர்சைஸ் பண்ணி சரி பண்ணிடறேன்னு நீ சொன்னதுக்கு அவரு தலையில அடிச்சுக்காத குறை. பலத்த மிச்சம் பிடிக்கணும், அதுக்குத்தான் கேலிப்பரும் ஸ்டிக்கும். அப்ப ஸ்டிக் எடுத்துக்க. ரோட்ல நாலு பேரு பாத்தா பாத்துட்டுப் போறாங்க, ஸ்டிக் எடுத்துக்க.

உனக்குக் காய்ச்சல் வந்தது 91-ல. நாடு பூரா ஒரே நாள்ல சொட்டு மருந்து குடுக்கற பழக்கமே 95-லதான் வந்துச்சு, தம்பிக்குக் கெடச்சுது. பெரியம்மா இன்னிக்கும் அந்தக் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியத்தான் கொற சொல்லிக்கிட்டிருப்பா. 2014-ல இந்தியாவுல போலியோ இல்லன்னு அறிவிச்சப்ப எனக்கு சந்தோசம்தான், ஆனா அதோட உங்களையும் எல்லாரும் மறந்துட்டாங்க. இப்ப வர்ற சின்ன டாக்டருங்கள்ல எத்தன பேரு போலியோ கால தொட்டுப் பாத்திருப்பாங்க. அதனால தெருமுனை ஆர்த்தோ கிட்ட போய் வைட்டமின் ஊசி போட்டுக்காத. கே.கே.நகர் அரசு மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்குப் போ, இந்த மாதிரி கால பாக்கறதுக்குன்னே இருக்கற எடம் அது. இப்ப பிளாஸ்டிக்ல வெயிட் இல்லாத கேலிப்பர் வருதுல்ல, இரும்பு போட்டு சுமந்த காலம் இல்லயே.

இரும்பு கேலிப்பர் போட்டு உன்ன ஒண்ணாங்கிளாஸ்ல விட்டது நானு. முட்டிகிட்ட லாக்கு விழுந்தா டக்குனு சத்தம் கேக்கும், தோல் பட்டையில வேர்வை ஏறி வெள்ளையா உப்பு பூத்திருக்கும், நான் ஞாயித்துக்கெழம தோறும் ஈரத்துணியால தொடச்சு எண்ணெய் போடுவேன். செருப்பு வாங்கினா ரெண்டு சைசுல ரெண்டு ஜோடி வாங்கணும். யூனிபார்ம் பாவாடைய கணுக்கால் வரைக்கும் தைச்சுக்கலாம், டீச்சருங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு டெய்லர் சொன்னாரு, நான் எல்லா புள்ளைக்கும் என்ன அளவோ அதே அளவு தைங்கன்னுட்டேன். ஆண்டுவிழா டிரில்லுக்கு உன்ன கடைசி வரிசையில நிக்க வச்சப்ப போய் பேசி முன்னாடி கொண்டாந்தேன். நீயும் தலைய நிமித்திக்கிட்டு நின்ன. அப்படி நின்ன புள்ள இப்ப முப்பத்தஞ்சு வயசுல கால மறைக்குதுன்னா எனக்குக் கோவம் வராதா. நான் ஒரு நாளும் மறைக்கலயேடி, நீ ஏன் மறைக்கற.

பேங்க் பரீட்சை ராத்திரி ராத்திரியா படிச்சு எழுதி பாஸ் பண்ணவ. கோட்டாவுல வந்தவன்னு எவனோ சொன்னதுக்காக அந்த ஆபீஸ்ல ஒரு சேர மாத்திக் குடுங்கன்னு கூட கேக்க மாட்டேங்குற. பாத்ரூம் மாடியில இருக்குன்னு தண்ணி குடிக்காம இருக்கியாமே, யூரின் இன்பெக்சன் வந்ததையே எங்கிட்ட மறச்சிட்ட. 2016-ல வந்த சட்டத்துலயே இருக்கு, அரசு நிறுவனம்னா மாற்றுத்திறனாளி வேலை பாக்கறதுக்கு வேண்டிய வசதிய செஞ்சு குடுக்கணும்னு. எழுதிக் குடு. வாயால சொல்லாத, எழுதிக் குடு. தண்ணி குடி.

அப்பா உனக்கு பாரிஸ் பாராலிம்பிக்ஸ் வீடியோவா அனுப்பிட்டிருக்காருன்னு உனக்கு எரிச்சல்னு தெரியும். பேட்மிண்டன்ல துளசிமதி வெள்ளி வாங்குனது, மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலம் வாங்குனது, மூணும் நம்ம தமிழ்நாட்டுப் புள்ளைங்கன்னு அவருக்குப் பெருமை தாங்கல. எனக்கும்தான். ஆனா மெடல் வாங்குனாத்தான் ஒரு பொண்ணு தன் உடம்ப நாலு பேரு முன்னாடி கொண்டு போலாம்னு இருந்தா அது என்ன நியாயம். எனக்கு மனசுல நின்னது வேற. போன வருசம் சென்னைக்கு வந்தப்ப நீ வரலன்னுட்ட, நானும் அப்பாவும் மெரினாவுக்குப் போனோம். வீல்சேர்ல தண்ணி கிட்ட வரைக்கும் போற மாதிரி மரப்பாதை போட்டிருக்காங்கள்ல, 2022-ல தொறந்து அடுத்த மாசமே புயல்ல பிச்சுக்கிட்டுப் போய் திரும்ப போட்டாங்களே, அதுல ஒரு அம்மா, என் வயசு இருக்கும், சேலைய முட்டிக்கு மேல சுருட்டிக்கிட்டு வீல்சேர்ல உக்காந்திருந்தாங்க. ரெண்டு காலும் சூம்பி சின்னப்புள்ள கால் மாதிரி. அலை வந்து நனைக்க நனைக்க பேரன கூப்பிட்டு சுண்டல் வாங்கிட்டு வர சொல்லிட்டிருந்தாங்க, யாரு பாக்கறான்னு ஒரு தடவ கூட திரும்பல. நான் வச்ச கண்ணு வாங்காம பாத்துட்டேன், அப்பா கைய புடிச்சு இழுத்தாரு. உனக்கு அந்த சேர் வேணும்னு சொல்லல, அந்த இருப்பு வேணும். நீ அழகுடி. பெத்தவ சொல்றேன்னு தள்ளாத, மூக்கும் முழியும் ஆச்சி மாதிரி, அந்தக் காலும் உன்னோடதுதான், டிசம்பர் ஆனா ஐஸ் மாதிரி ஆயிடும், நீ தூங்குனப்புறம் நான்தான் சாக்ஸ் மாட்டி விடுவேன்.

சரி, சொல்லிடறேன். தம்பி எங்கிட்ட உன் மெசேஜ காட்டிட்டான். அவன திட்டாத, அவன் அழுதுட்டான். "முடிச்சு செல்வி அக்கா போடட்டும், நான் கீழ உக்காந்துக்கறேன்"னு நீ எப்படி எழுதலாம். செல்வி யாரு, ஒண்ணுவிட்டவ. கூடப் பொறந்தவ கல்லு மாதிரி இருக்கறப்ப என் மகன் கட்டற தாலிக்கு இன்னொருத்தி வந்து முடிச்சு போடுவாளா. மேடையில நின்னா எல்லாரும் காலத்தான் பாப்பாங்கன்னு நெனைக்கற. பாக்கறவங்க பாக்கட்டும். சேலத்துக்காரங்களும் வருவாங்க, பத்திரிகை வச்சாச்சு, அவங்களும் பாக்கட்டும்.

மண்டபத்த நானும் அப்பாவும் போய் பாத்துட்டு வந்துட்டோம். மேடைக்கு நாலு படி, புடிமானம் இல்ல. மண்டபத்துக்காரர் பின்பக்கமா சரிவு பலகை போட்டு ஒரு சைடு கம்பி அடிச்சுத் தரேன்னிருக்காரு. மாப்ள மனைக்குப் பின்னாடி உனக்கு ஒரு ஸ்டூல் போட சொல்லிட்டேன், முடிச்சு போடற நேரம் எந்திரிச்சா போதும். வெளக்க செல்வி புடிச்சுக்கட்டும், உனக்கு ஒரு கை ஸ்டிக்குக்கு வேணும்ல. அரக்கு பட்டுக்கு உள்பாவாடை தைச்சாச்சு, லாக்கு ஒரசற எடத்துல உள்பக்கமா கெட்டித்துணி வச்சிருக்கேன், கிழியாது. அய்யருகிட்டயும் முடிச்சு என் மக போடுவான்னு சொல்லியாச்சு.

லோயர் பெர்த் பாத்து டிக்கெட் போடு, ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு. அதுக்கு முன்னாடி கே.கே.நகர் போயிட்டு வரணும், லீவு எப்ப கெடைக்கும்னு இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லு. நானும் கூட வரேன். வீடியோ கால் போட்டு சொல்லு, மெசேஜ் வேணாம்.

அம்மா