செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25: சர்க்யூட் இல்லாமல் செல் கொடுப்பதில்லை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் கடைக்காரர்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஐப்பசியில் மட்டும் மழையால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் நான் கை வைத்தால் அவருக்குப் பிடிக்காது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இந்த வருஷம் சங்கத்தில் அதிக நேரம் பேசப்பட்டது லித்தியம் பேட்டரி செல்லைப் பற்றித்தான். கடலுக்குப் போகிறவர்கள் தலையில் கட்டும் எல்.இ.டி. லைட், ப்ளூடூத் ஸ்பீக்கர், பவர் பேங்க், கொசு பேட், குழந்தைகளின் பொம்மைக் கார் என்று நம் மேஜைக்கு வருவதில் பாதிக்குமேல் லித்தியம் செல்லில்தான் ஓடுகிறது. அதிலும் பெரும்பாலும் 18650 என்கிற உருளைச் செல்தான். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்தப் பெயரின் கணக்கு. எல்லோரும் தினமும் தொடுகிற சாமான், அதனாலேயே பயம் விட்டுப்போன சாமான்.

பேச்சு ஆரம்பித்தது வேறு இடத்தில். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வரும் பையன்கள் சிலர் வேப் கருவியை, அதாவது இ-சிகரெட்டைக் கொண்டுவந்து, "அண்ணே, சார்ஜ் நிக்க மாட்டேங்குது, செல் மாத்திக் குடுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் இ-சிகரெட்டை 2019-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு எல்லாமே குற்றம். விற்றால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரிப்பேருக்கு வந்த ஒன்றிரண்டை டிராயரில் போட்டு வைத்தால் அது இருப்பு ஆகுமா ஆகாதா என்று கோர்ட்டில் நின்று வாதாட நம்மில் யாருக்கும் வசதி இல்லை. ஆகவே அந்தக் கருவியைக் கடைக்குள் வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆனால் நம் உறுப்பினர் ஒருவர் வாங்க மறுப்பதற்கு முன் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டார். அவர் அடுத்த கூட்டத்தில் சொன்னதைக் கேட்டபிறகுதான் விஷயம் சட்டத்தோடு முடியவில்லை என்று தெரிந்தது. அவர் திறந்த வகைக் கருவியை மெக்கானிக்கல் மோட் என்கிறார்கள். கனமான பித்தளைக் குழாய், அடியில் ஒரு பட்டன், மேலே காயில் என்கிற சூடாகும் கம்பிச்சுருள் உள்ள பாகத்தை முடுக்க மரை. உள்ளே ஒரு 18650. அவ்வளவுதான். போர்டு இல்லை, ஐ.சி. இல்லை, ஃப்யூஸ்கூட இல்லை. பட்டனை அழுத்தினால் செல்லின் அடிப்பக்கம் குழாயோடு சேரும். குழாயே வயர். கரண்ட் செல்லின் பிளஸ் முனையிலிருந்து நடு ஊசி வழியாக மேலே போய், காயிலைச் சூடாக்கி, குழாய் வழியாகச் செல்லின் அடிப்பக்கத்துக்கு வந்து முடியும். சாதாரண வேப் கருவியில் இருக்கும் போர்டு காயிலின் ஓமை, அதாவது மின்தடையை, அளந்து பார்க்கும், ஷார்ட் என்றால் எரியவிடாது, வோல்ட் இறங்கினால் நிறுத்தும். இதில் அந்த வேலையெல்லாம் பயன்படுத்துகிற ஆளின் தலையில். புதிதாகக் கையில் எடுக்கிறவனுக்கு அது தெரியவும் தெரியாது.

சித்திரையில் நடந்த பயிற்சி வகுப்பில் இதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட். காயில் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர் இழுக்கும், அது பரவாயில்லை. 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். 0.1 ஓம் என்றால் 42. இரண்டு செல்லை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடும் குழாயும் உண்டு. அதில் வோல்ட் இரட்டிப்பாகிவிடும், 0.2 ஓமிலேயே 42 ஆம்பியர் வந்துவிடும். செல் எவ்வளவு தாங்கும்? நல்ல பெயருள்ள சாம்சங் 25ஆர் தொடர்ச்சியாக 20 ஆம்பியர், அதே கம்பெனியின் 30கியூ 15 ஆம்பியர். பழைய லேப்டாப் பேட்டரி பேக்கிலிருந்து பிரித்தெடுக்கும் செல்கள் பல அதில் பாதியைக்கூடத் தாங்காது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அப்போது ஒரு தம்பி, "மல்டிமீட்டரில் அளந்து பாத்துக்கலாமே" என்றார். நல்ல கேள்வி. நம் மேஜைகளில் இருக்கும் சாதாரண மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலே 0.2, 0.3 ஓம் காட்டும். அது வயரின் ஓம். அந்த மீட்டரை வைத்துக்கொண்டு 0.1-க்கும் 0.2-க்கும் வித்தியாசம் பார்ப்பது நடக்காது. எல்லோரையும் அவரவர் மீட்டரை எடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். வகுப்பில் அந்த ஒரு நிமிஷம்தான் எல்லோரும் போனைக் கீழே வைத்தார்கள்.

இன்னொரு விஷயம் நம் எல்லோருக்குமே பொருந்தும், வேப் கருவியே பார்க்காதவருக்கும்கூட. 18650-இன் அடி மட்டும் மைனஸ் இல்லை. பக்கவாட்டுத் தகடு முழுக்க மைனஸ். மேலே பிளஸ் மூடியைச் சுற்றியிருக்கும் விளிம்புகூட மைனஸ்தான். நடுவில் பிரிப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு வெள்ளை வளையமும் மட்டுமே. உறையில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் உலோகக் குழாய்க்குள் அது ஷார்ட்டில் முடியலாம். சில மெக்கானிக்கல் மோட்களில் மேல்பாகத்தின் நடு ஊசி நேராகச் செல்லின்மேல் உட்காரும். ஊசி போதுமான அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்காவிட்டால், சுற்றியுள்ள மரை செல்லின் மூடியைத் தொட்டுவிடும். பட்டனை அழுத்தியதும் காயிலே இல்லாமல் நேர் ஷார்ட். டார்ச்சின் ஸ்ப்ரிங் வளைந்திருந்தால் நாம் கண்டுபிடிப்போம். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் குனிந்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு மில்லிமீட்டருக்குக் கீழான இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

அப்படி ஷார்ட் ஆன செல் என்ன செய்யும் என்பது நம்மில் சிலர் பார்த்ததுதான். உள்ளே சூடு ஏறும். 130 டிகிரி செல்சியஸ் வாக்கில் உள்ளே பிளஸ், மைனஸ் தகடுகளைப் பிரிக்கும் சவ்வு உருகும், தகடுகள் ஒன்றையொன்று தொடும், சூடு இன்னும் ஏறும். அதற்கு மேல் செல்லே தன்னைத்தானே எரித்துக்கொள்ளும், ஸ்விட்சை விட்டாலும் நிற்காது. வெளியே வரும் வாயு போக வழியில்லாத குழாய் என்றால் அது கையில் பிடித்த வெடிகுண்டு. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 2018 மே மாதத்திலும், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 2019 ஜனவரியிலும் வேப் கருவி வெடித்து இடத்துக்கு ஒருவர் இறந்தார்கள். அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்த 195 சம்பவங்களைத் தொகுத்திருக்கிறது. 133 பேருக்குக் காயம், அதில் 38 பேருக்குக் கடுமையான காயம். கணிசமானவை பேன்ட் பையில் இருக்கும்போது நடந்தவை. சாவிக்கொத்தோடு கிடக்கும் தனிச் செல்லுக்கு எரிவதற்குக் கருவிகூடத் தேவையில்லை. 2021-இல் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும், பேக்கிலிருந்து பிரித்த 18650 செல்லைத் தனியாக வாங்காதீர்கள், பயன்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

அது வெளிநாட்டுக் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் தந்தையும் மகளும் இறந்தது நமக்கு நினைவிருக்கிறது. அந்த வருஷத் தீவிபத்துகளுக்குப் பிறகுதான் ஸ்கூட்டர் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்கூட்டருக்கு விதி வந்தது. நம் கடைகளில் பழைய செல்லை அடுக்கிக் கட்டிக் கொடுக்கும் பேக்கை யாரும் வந்து பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

செயற்குழுவில் கொஞ்சம் சூடான விவாதமும் நடந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், "செல் விக்கிறது நம்ம தொழில். வாங்கிட்டுப் போறவன் எதுல போடுறான்னு நாம ஏன் கேக்கணும்? கத்தி விக்கிறவன் கேக்குறானா?" என்றார். அவருக்கு இளையவர் ஒருவர் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசினார்: நாம் விரட்டிவிட்டால் பையன் ஆன்லைனில் ஏதோ ஒரு செல்லை வாங்கி, ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துப் போட்டுக்கொள்வான், குறைந்தபட்சம் ஆபத்தையாவது சொல்லி அனுப்ப வேண்டாமா என்று. முதல் வாதம் எனக்கு ஒப்பவில்லை. உறை கிழிந்த செல்லையும் தாங்காத செல்லையும் அடையாளம் காணத் தெரிந்தவர்கள் நாம், வாங்குகிறவர் இல்லை. இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. கடைசியில் வந்த முடிவு: கருவியை வாங்குவதில்லை, அதற்கென்று செல் கொடுப்பதில்லை, கேட்கிற பையனிடம் ஏன் என்று இரண்டு நிமிஷம் நின்று சொல்வது. "போலீஸ் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறான். 42 ஆம்பியர் கணக்கைப் போட்டுக் காட்டினால் முகம் மாறுகிறது என்று இரண்டு மூன்று கடைக்காரர்கள் சொன்னார்கள்.

போலிச் செல் விஷயத்தில் என் வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். நாம் பல வருஷமாகச் சரக்கு எடுக்கும் ஒரு மொத்த வியாபாரி, இந்த வருஷம் கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்ட 18650 செல்களை அனுப்பினார். நல்ல கம்பெனிச் செல்லிலேயே 3500 வாக்கில்தான் கிடைக்கும். டெஸ்டரில் போட்டுப் பார்த்ததில் அச்சிட்டதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. நல்ல 18650 பொதுவாக 45 கிராம் வாக்கில் இருக்கும். இவை கையில் எடுத்தாலே லேசாக இருந்தன. திருப்பி அனுப்பினோம், பணம் இன்னும் வரவில்லை, போன் எடுப்பதில்லை. இனி வரும் சரக்கைச் சங்கம் வாங்கியிருக்கும் சின்னத் தராசில் எடை பார்க்காமல் பிரித்துக்கொள்ள வேண்டாம்.

வேலைக்குச் சேரும் புதுப் பையன்களுக்கு வகுப்பில் சொன்னதை முதலாளிமார்களும் கடையில் கடைப்பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சொல்லி என்ன பயன்? உறை கிழிந்த செல்லுக்குப் புது உறை சுருக்கி, வளையம் மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. தகடு அமுங்கியிருந்தால் உறை மாற்றுவதுகூட வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். தனிச் செல்லைப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், சட்டைப் பையில் வேண்டாம். செல்மேல் நேராகச் சால்டரிங் அயர்ன் வைக்கிற பழக்கத்தை விட வேண்டும். அதற்காகத்தான் பொதுவில் ஸ்பாட் வெல்டிங் மிஷின் வாங்கிப் போட்டிருக்கிறோம், நிக்கல் பட்டை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். டி.பி. 4056 சார்ஜிங் போர்டு போடும்போது பாதுகாப்பு ஐ.சி. உள்ளதையே போடுங்கள். இல்லாததற்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிப் பல நாள் கிடந்த செல்லைத் தட்டி எழுப்பி வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் சாமர்த்தியத்தை யாரும் இனி பெருமையாகச் சொல்ல வேண்டாம். ராத்திரி கடையைப் பூட்டும்போது சார்ஜில் எதுவும் இருக்கக் கூடாது.

தீ பற்றினால் தண்ணீர் ஊற்றலாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேள்வி வருகிறது. ஊற்றலாம், நிறைய ஊற்ற வேண்டும். முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். லித்தியம் அயான் செல்லின் நெருப்புக்குத் தேவை குளிர்ச்சி. பவுடர் சிலிண்டர் சுடரை அணைக்கும், சூட்டை இறக்காது, சிறிது நேரத்தில் மறுபடி பற்றும். அந்தப் புகை ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கலந்த விஷம். மேஜை போனால் போகட்டும், ஆள் வெளியே வந்துவிட வேண்டும்.

கழித்த செல்களை நகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஆனால் நம் ஊருக்கு வந்து வாங்கிப் போக ஆள் இல்லை. இப்போதைக்கு முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டின்னில் சேர்த்து வருகிறோம். டின் நிரம்பிவிட்டது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் அனுப்பும் செலவு குறித்து இன்று முடிவெடுக்க வேண்டும்.

மற்றபடி, இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த ரேடியோ மெக்கானிக் அய்யாவின் குடும்பத்துக்குச் சங்கத்தின் நலநிதி வழங்கப்பட்டது. அவருடைய வால்வு ரேடியோக்களைச் சங்க அறையில் வைத்துக்கொள்ள அவர் மகன் அனுமதி தந்திருக்கிறார், அவருக்கு நன்றி. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. வகுப்புக்கு இடம் கொடுத்த பள்ளிக்கும், டீ கொடுத்துக் காசு வாங்க மறுத்த எதிர்க்கடை அண்ணனுக்கும் நன்றி.

சபையின் ஒப்புதலுக்காக இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். ஒன்று, பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத எந்தக் கருவிக்கும் உறுப்பினர்கள் தனிச் செல் விற்பதில்லை. இரண்டு, செல் வகுப்பை ஆண்டுக்கு இரு முறை நடத்துவது, புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களை முதலாளி சம்பளத்தோடு அதற்கு அனுப்புவது. இரண்டாவதில் "சம்பளத்தோடு" என்ற சொல்லை எடுக்கச் சொல்லிச் செயற்குழுவில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அதை நான் ஆதரிக்கவில்லை. வழிமொழிபவர்கள் எழுந்து பெயரைச் சொல்லலாம், அதன்பின் பொருளாளர் கணக்கை வாசிப்பார்.