14வது வரில நின்னுட்டேன் மாப்ள

மாப்ள,

எப்படிடா இருக்க. தங்கச்சி, பாப்பா எல்லாம் சௌக்கியம்தானே. பாப்பா ஒன்னாவது போறாளா ரெண்டாவதான்னுகூட எனக்கு சரியா தெரியல, அந்த லட்சணத்துல இருக்கு நம்ம தொடர்பு. பொங்கலுக்கு நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டேன், மூணு தடவையும் அப்புறம் பதில் போடலாம்னு வெச்சேன், இதோ சித்திரை வந்துடுச்சு. திட்டறதா இருந்தா இந்த பாராவோட திட்டி முடிச்சிடு, கீழ நிறைய இருக்கு.

இங்க எல்லாம் வழக்கம்தான். அம்மாவுக்கு முட்டி வலி. மொட்டை மறுபடி தொழில் மாத்திட்டான், இந்த தடவ ஜூஸ் கடை, பெங்களூர் ரோட்ல. கன்னிமார் கோயில்கிட்ட நாம கேபிள் ஜாயின்ட் போட்ட கதைய வர்ற கஸ்டமர்கிட்ட எல்லாம் இன்னும் சொல்லிட்டிருக்கான், அதுல உன் பார்ட்ட வருஷா வருஷம் பெருசாக்கிட்டே போறான், இப்ப நீ பாம்பையே கைல புடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

சரி விஷயத்துக்கு வரேன். எனக்கு ஒரு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பிளான் எழுதற வேலை வந்து தலைல விழுந்திருக்கு. கிருஷ்ணகிரில ஆரம்பிச்சு ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து அஞ்செட்டி வரைக்கும் ஓஎஃப்சி, அதான் ஃபைபர் கேபிள் போடணும். கூட்டி கழிச்சுப் பாத்தா ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வரும். சைட் சூப்பர்வைசரா இருந்தவன நாலு வருஷம் முன்னாடி ஏசி ரூம்ல உக்கார வெச்சாங்கல்ல, அதுக்கு வட்டியும் முதலுமா இப்ப வசூல் பண்றாங்க. ஆபீஸ்ல நம்ம பெரியவர் கூப்ட்டு ‘அஞ்சு நாள்ல பிளான் குடு, கிளையன்ட் கேக்கறான்’னாரு. அஞ்சு நாளா சார்னேன். பழைய டெம்ப்ளேட் இருக்கு, ஊர் பேர மாத்து போதும்னாரு. தொறந்து பாத்தா அது எங்கயோ வடக்க மலைப் பிரதேசத்துல செஞ்ச வேலையோடது மாப்ள, என்னென்ன சிக்கல் வரலாம்னு எழுதற ரிஸ்க் ரிஜிஸ்டர்ல முதல் வரியே பனிப்பொழிவு. ராயக்கோட்டைல பனிப்பொழிவு! அத அழிக்காம அனுப்பிடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், யாரு படிக்கறாங்கன்னு தெரிஞ்சிடும்ல.

ஆனா உக்காந்து எழுத எழுத ஒரு மாதிரி வெறி வந்துடுச்சுடா, உண்மையச் சொல்றேன். நாம அந்தக் காலத்துல வேலை செஞ்சது எல்லாம் பிளான்னு சொல்ல முடியுமா, காலைல டீக்கடைல பேசறதுதான் பிளான், சாயங்காலம் ஜேசிபி எங்க நிக்குதோ அதுதான் ப்ரோக்ரஸ். இப்ப அத ஒவ்வொன்னா பிரிச்சுப் பாக்கறப்ப, வேலைய உடைச்சு உடைச்சு கீழ வரைக்கும் எழுதறாங்கல்ல, டபிள்யூபிஎஸ்னு, சர்வே, பர்மிஷன், ட்ரெஞ்ச், டக்ட்னு கேபிள் போற குழாய இறக்கறது, கேபிள் இழுக்கறது, ஸ்ப்ளைசிங்னு ஃபைபர ஒட்டறது, டெஸ்டிங், கடைசில வரைபடம் ஒப்படைக்கறதுன்னு, அப்பதான் தெரியுது நாம மண்ணு தோண்டறதுதான் வேலைன்னு நினைச்சிட்டிருந்தோம், அது பாதி கூட இல்ல. பர்மிஷன்தான் பாதி. நேஷனல் ஹைவேய ஒட்டி வந்தா ஒரு ஆபீஸ், ஸ்டேட் ஹைவேஸ் வேற, ஏரிக்கரைல போனா வேற, பேரூராட்சி, ஊராட்சி, ராயக்கோட்டைகிட்ட சேலம் பெங்களூர் ரயில் லைன தாண்டணும் அது ரயில்வே, அஞ்செட்டி பக்கம் காடு, அது வனத்துறை. ஒரே ரோடு, இத்தனை ஓனர்.

2025 ஜனவரி 1லருந்து டெலிகாம் கேபிள் போடறதுக்கான புது வழித்தட விதி அமலுக்கு வந்துடுச்சு, குறிச்ச நாளுக்குள்ள பதில் வரலன்னா அனுமதி குடுத்த மாதிரின்னு அதுல இருக்கு. படிக்க நல்லாதான் இருக்கு. அந்த பேப்பர எடுத்துட்டுப் போய் ரோட்டோரம் ஜேசிபிய நிறுத்திட்டு எவனாவது வந்து கேட்டா ‘கிடைச்ச மாதிரி’ன்னு சொல்லிப் பாரேன். அதனால நான் ஒவ்வொரு பர்மிஷனுக்கும் மூணு நம்பர் போட்டேன், நல்லபடியா நடந்தா, வழக்கமா, மோசமா போனா. ரயில்வே கிராசிங்குக்கு 30, 60, 150 நாள். நடுவுல இருக்கறத நாலால பெருக்கி மூணையும் கூட்டி ஆறால வகுக்கணும், 70 நாள் வருது. இந்தக் கணக்கு எங்கருந்து வந்துச்சு தெரியுமா, 1958ல அமெரிக்கக் கடற்படைக்காரன் போலாரிஸ் ஏவுகணை செய்யறதுக்குப் போட்டது. நான் கெலமங்கலம் லெவல் கிராசிங்ல கேட் போட்டு நிக்கறப்ப அத நினைச்சு தனியா சிரிச்சேன், பக்கத்து பைக்காரன் ஒரு மாதிரி பாத்தான்.

அப்புறம் கல்லு. உனக்கு சொல்லணுமா. மண்ணா இருந்தா 1.65 மீட்டர் ஆழம் போய் டக்ட இறக்கிடலாம், நம்ம ஊர்ல ரெண்டடி தோண்டினா கருங்கல்லு பல்லக் காட்டும். அங்க ஆழத்தக் குறைச்சு, ஜிஐ பைப் போட்டு மேல கான்கிரீட் ஊத்தணும். மண்ணுல ஒரு நாளைக்கு 400 மீட்டர் போற டீம், பிரேக்கர் வெச்சு உடைச்சா 40 மீட்டர் போனா சாமி புண்ணியம், இது நம்ம அனுபவக் கணக்கு. டெம்ப்ளேட்ல எல்லா கிலோமீட்டருக்கும் ஒரே வேகம். பெரியவர் கிளையன்ட்கிட்ட வாய் விட்டது 120 நாள். நான் போட்டா 210 வருது. எப்படி நசுக்கினாலும் 190க்குக் கீழ வரல.

ஏன்னா மாங்கா இருக்கே. வைகாசி ஆனில பெங்களூரா மாங்கா சீசன்ல ஆளுங்க எல்லாம் தோப்புக்கும் கூழ் ஃபேக்டரிக்கும் போய்டுவாங்க, மாங்கா லாரி க்யூ ரோட்ட அடைச்சிட்டு நிக்கும், அப்ப ட்ரெஞ்ச் போட்டா நம்மள மாங்காயாலயே அடிப்பாங்க. ஐப்பசில மழை. மழை விட்டா ராகி முத்தற சமயம், பன்னார்கட்டா பக்கத்துலருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளின்னு இறங்கி வரும், அப்ப தேன்கனிக்கோட்டை தாண்டி சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒருத்தனையும் சைட்ல வெச்சிக்க முடியாது, டென்ட் போட்டு தங்கறதெல்லாம் பேச்சுக்கே இடமில்ல. தை மாசம் எருது விடற விழா, ஆளே கிடைக்காது. இதெல்லாம் காலண்டர்ல குறிச்சு சிவப்பு அடிச்சு வெச்சா பெரியவர் பாத்துட்டு ‘ஏன்டா இது பிளானா பஞ்சாங்கமா’ன்றாரு. பஞ்சாங்கம்தான் சார்னேன். முறைச்சாரு.

நாளைக்கு 10 மணிக்கு மீட்டிங். 120னு எழுதி கையெழுத்து போட சொல்வாரு. அந்தக் கையெழுத்து என்னோடது, மாப்ள. அத பேஸ்லைன்னு சொல்றாங்க, அப்புறம் வர்ற ஒவ்வொரு நாள் தாமதமும் அதுலருந்துதான் எண்ணுவாங்க. இதுதான் பெரிய டென்ஷன்னு நினைச்சு நேத்து ராத்திரி உக்காந்தேன். ஆனா நான் உனக்கு எழுதறதுக்குக் காரணம் அது இல்ல.

ரிஸ்க் ரிஜிஸ்டர்ல 14வது வரி. ‘நிலத்தடியில் உள்ள குடிநீர்க் குழாய், பிற கேபிள்கள் சேதமாதல்’. பக்கத்துல நாலு கட்டம், நடக்கற வாய்ப்பு, பாதிப்பு, என்ன செய்யணும், யார் பொறுப்பு. டெம்ப்ளேட்ல வாய்ப்பு ‘குறைவு’ன்னு இருந்துச்சு. பொறுப்பு ‘சைட் சூப்பர்வைசர்’னு இருந்துச்சு. அத பாத்துட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்த வரிய விட்டு நகர முடியல.

உனக்குப் புரிஞ்சிருக்கும். மொரப்பூர் பக்கம். 2017.

அன்னிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் லைன நாம உடைச்சு அந்த ஊருக்கு மூணு நாள் தண்ணி இல்லாம போச்சுல்ல. நீ சைட்ல நின்ன, ஜேசிபி உன் கண் முன்னாடி உடைச்சுச்சு, அதனால உன்னக் கேட்டாங்க, ‘விசாரிக்காம தோண்டுனியாடா’ன்னு எல்லார் முன்னாடியும் வெச்சு திட்டி சம்பளத்துல 18,500 பிடிச்சாங்க. ரெண்டு மாசத்துல நீ சவுதிக்கு ஏஜென்ட் பாத்துட்ட. நீ ஒரு வார்த்த பேசல, பைப் போற வழி யாருக்குமே தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்த.

தெரியும்டா. எனக்குத் தெரியும். அதுக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும், அந்த ஊர்ல தண்ணி விடற பெரியவர் எனக்கு போன் பண்ணாரு, என் நம்பர்தான் அவர்கிட்ட இருந்துச்சு. ‘தம்பி, புளியமரத்துலருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் பைப்பு ரோட்ட ஒட்டி போகாது, பாறைக்கு வளைச்சு உங்க பக்கமா தள்ளி வரும், நான் காலைல எட்டு மணிக்கு வந்து காட்டறேன், அதுக்கப்புறம் தோண்டுங்க’ன்னாரு. நான் காவேரிப்பட்டணத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன்ல பந்தில உக்காந்திருந்தேன், ஒரு கைல போன், இன்னொரு கை இலைல. ‘சரிங்கய்யா சொல்லிடறேன்’னேன். பாயாசம் வந்துச்சு. மறந்துட்டேன். அவ்ளோதான் மாப்ள, இதுல வேற ஒன்னும் இல்ல, பாயாசம் வந்துச்சு, மறந்துட்டேன். நீ ஆறரைக்கே ஜேசிபிய ஸ்டார்ட் பண்ணிட்ட.

ரெண்டாவது நாள் நான் ஊருக்குள்ள போனேன் ஞாபகம் இருக்கா, நீ டேங்கர் லாரிக்கு அலைஞ்சிட்டிருந்த. கைப்பம்புகிட்ட ஒரு பாட்டி, ரெண்டு பச்சக் குடம். எங்க வண்டிய பாத்ததும் திட்டும்னு நினைச்சேன். திட்டல. ‘ஆத்துத் தண்ணி எப்ப சாமி வரும்’னு கேட்டுச்சு. நாளைக்கு வந்துடும் பாட்டின்னேன். சிரிச்சுச்சு, பல்லெல்லாம் காவி படிஞ்ச மாதிரி பட்ட பட்டயா கறை. ‘எங்களுக்கு இந்த போர் தண்ணில போனது போச்சு, பேத்திக்கு பல்லு இப்பதான் முளைக்குது, அதுக்கு இத குடுக்க வேணாம்னு பாத்தேன்’னுச்சு. சொல்லிட்டு மறுபடி பம்ப அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினா ஃப்ளோரைடு கெடுதின்னு நமக்கு ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்தாங்க, தர்மபுரிக்காரனுக்கு அத தனியா சொல்லணுமா, அந்தத் தண்ணிலருந்து தப்பிக்கறதுக்குதான் ஜப்பான்காரன்கிட்ட கடன் வாங்கி ஒகேனக்கல்லருந்து காவிரிய ரெண்டு மாவட்டத்துக்கும் இழுத்தாங்க. அத நான் ஒரு பாயாசத்துல மூணு நாள் நிறுத்திட்டேன்.

ஆபீஸ்ல உன்னத் திட்டினப்ப நான் அதே ரூம்ல ஃபேனுக்குக் கீழ நின்னுட்டிருந்தேன். சொல்லலாம்னு ரெண்டு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. புதுசா பைக் எடுத்திருந்தேன், இஎம்ஐ ஓடிட்டிருந்துச்சு. அது ஒரு காரணமாடான்னு நீ கேப்ப. அன்னிக்கு அது காரணமா இருந்துச்சு.

இந்த பிளான்ல கம்யூனிகேஷன்னு ஒரு பகுதி இருக்கு. யாரு, யாருக்கு, எப்ப, எப்படி சொல்லணும்னு. டெம்ப்ளேட்ல அது பூரா கிளையன்டுக்கு அனுப்பற ரிப்போர்ட்டுதான், வாரம் ஒன்னு, மாசம் ஒன்னு. ஊருக்குள்ள இருக்கறவங்க எங்கயுமே இல்ல. பொறுப்புப் பட்டியல்ல ஒரு வேலைக்கு நாலஞ்சு பேர் கை வெக்கலாம், பதில் சொல்ல வேண்டியது ஒருத்தர்தான்னு ஒரு விதி இருக்கு. அன்னிக்கு அந்த ஒருத்தன் நான்.

இப்ப என்ன பண்ணிருக்கேன்னா, ‘குறைவு’ங்கறத ‘அதிகம்’னு மாத்திட்டேன். தோண்டறதுக்கு முன்னாடி பதிவு பண்றதுக்கு 2023லருந்து கால் பிஃபோர் யு டிக்னு ஆப் இருக்கு, அது கட்டாயம்னு போட்டேன், ஆனா ஊருக்குள்ள பாறைய பாத்து வளைச்சு விட்ட பைப்பெல்லாம் மேப்ல இருக்கும்னு நம்பி உக்கார முடியாது. அதனால ஒவ்வொரு ஊர்லயும் தண்ணி விடறவர் கூட நடந்து போய் சுண்ணாம்புல கோடு போட்டு, அவர நிக்க வெச்சு ஃபோட்டோ எடுத்து, அது சைட் க்ரூப்புக்கு வந்த அப்புறம்தான் ஜேசிபிக்கு சாவி. போன்ல சொன்னது கணக்குல வராது. இதுக்கு மட்டும் ஒன்பது நாள் சேருது. பொறுப்பு கட்டத்துல சைட் சூப்பர்வைசர அழிச்சிட்டு என் பேர எழுதிட்டேன். நாளைக்கு பெரியவர் 120 கேட்டா இந்த வரியதான் முதல்ல வெட்ட சொல்வாருன்னு தெரியும். 210ஐ டேபிள்ல வெக்கப் போறேன். என்ன ஆகும்னு தெரியல, ஒருவேளை உன் ஏஜென்ட் நம்பர் எனக்குத் தேவைப்படலாம்.

பிளான அட்டாச் பண்ணிருக்கேன், 46 பக்கம். பூரா படிக்க வேணாம், ஸ்ப்ளைசிங் பகுதிய மட்டும் பாரு. ஒரு ஜாயின்டுக்கு 0.1 டிபிக்கு மேல சிக்னல் லாஸ் இருந்தா திரும்ப அடிக்கணும்னு போட்டிருக்கேன், நீ 0.03ல அடிச்சிட்டு லாஸ் அளக்கற ஓடிடிஆர் மிஷின் ஸ்கிரீன கோயில் தீபம் மாதிரி எல்லாருக்கும் காட்டுவல்ல, எவன் செய்வான் இப்ப அத. டீமுக்கு எத்தன நாள் குடுக்கலாம்னு மட்டும் ஒரு வரி எழுது.

அப்புறம் தங்கச்சியோட ஜிபே நம்பர அனுப்பு. பைத்தியமாடா உனக்குன்னு கேப்ப, கோவத்துல ஒரு மாசம் பேசாமக்கூட இருப்ப, இரு. நம்பர அனுப்பிட்டு இரு. 18,500. வட்டிய லீவுல வர்றப்ப மொட்டை கடைல ஜூஸா குடிச்சிக்க, அவன் சீசன்லயும் மாம்பழ ஜூஸுக்கு எசன்ஸ் கலக்கறான், அத நேர்ல கேக்க எனக்கு ஒரு ஆள் வேணும்.

கடப்பாரை
கிருஷ்ணகிரி, ஞாயிறு ராத்திரி