சாக்கடை புகுந்த வீட்டை யார் சுத்தம் செய்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மழை வந்தால் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வருகின்றன. தண்ணீர் வடிந்த பிறகு அந்த வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தரைத்தள வீட்டுக்குள் வந்தது வெறும் மழைநீர் இல்லை, பாதாளச் சாக்கடை நிரம்பி கழிவறைக் குழாய் வழியாகவே மேலேறி வந்த தண்ணீர். வடிந்ததும் பார்த்தால் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு, சமையல் மேடைக்குக் கீழே பிளைவுட் அலமாரி உப்பிப்போய் கதவு மூடவில்லை, உள்ளே பிசுபிசுவென்று சேறு.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. போன் செய்தால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்றார்கள். அதாவது சாக்கடை ஊறிய மெத்தையும் சோபாவும் அதுவரை வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும். அப்புறம் அவர் வந்தார், படம் எடுத்தார், பெயிண்ட்டுக்கும் மரவேலைக்கும் கணக்குப் போட்டார். சுத்தம் செய்யும் செலவு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, அதை நீங்களே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில்.

ஆள் என்றால் யார்? கையுறைகூட இல்லாமல் தினக்கூலிக்கு வருகிறவர்கள்தான். பக்கத்து வீட்டில் வேலை செய்த அம்மா ப்ளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிடையும் ஒரே வாளியில் கலந்துவிட்டார், கிளம்பிய குளோரின் வாயுவில் மூச்சு முட்டி வெளியே ஓடி வந்தார். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று அவருக்கு யாருமே சொல்லித்தரவில்லை.

சேற்றின் மேல் ப்ளீச்சிங் பவுடரைத் தூவினால் கிருமி போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது, குளோரினின் வீரியத்தை அந்த அழுக்கே தின்றுவிடும். முதலில் சேற்றை முழுக்க அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அதற்குப் பிறகுதான் கிருமிநாசினி போட வேண்டும், அதுவும் சரியான அளவில் கரைத்து, போதிய நேரம் ஊறவிட்டு. மெத்தை, பஞ்சு வைத்த சோபா, ஊறிய பிளைவுட் எல்லாம் தேறாது. செங்கல் சுவர் கீழிருந்து ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், கருவி வைத்து ஈரம் அளந்து காய்ந்ததை உறுதி செய்யாமல் பெயிண்ட் அடித்தால் உள்ளே பூஞ்சைதான் பிடிக்கும். ஓரிரு நாள் ஈரமாக நின்றாலே பூஞ்சை வரத் தொடங்கிவிடும். எலிக்காய்ச்சல், மஞ்சள்காமாலை, டைபாய்டு எல்லாம் இந்தத் தண்ணீரில் வரக்கூடியவை. இது பயிற்சியும் பாதுகாப்பு உடையும் கருவியும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. அமெரிக்காவில் இதற்கென்றே எஸ்500 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அது தண்ணீரை மூன்று வகையாகப் பிரித்து, சாக்கடை கலந்ததை மிக ஆபத்தான மூன்றாம் வகையில் வைக்கிறது.

நம் ஊரில் பாலிசியே கைகொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியில் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. மாசுபடுதலுக்கு இழப்பீடு கிடையாது என்று ஒரு விலக்கு இருந்தாலும், வெள்ளம் போன்ற காப்பீடு செய்த ஆபத்தால் வந்த மாசு என்றால் அந்த விலக்கு பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் இடிபாடு, குப்பை அகற்றக் கொடுப்பது கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரைதான். 3 லட்சம் கிளெய்ம் என்றால் 6,000 ரூபாய். கிருமி நீக்கத்துக்கும் உலர்த்துவதற்கும் என்று தனியாக ஒரு தலைப்பு இல்லை. அதனால்தான் சர்வேயரின் கணக்கிலும் அது வருவதில்லை.

அதே வெள்ளத்தில் மூழ்கிய காரைப் பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை இழுத்துப் போகிறார்கள், சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை எடுத்துச் சரிசெய்கிறார்கள், பில்லை கம்பெனியே நேராகக் கட்டுகிறது. குழந்தைகளும் வயதானவர்களும் படுத்து எழுகிற வீட்டுக்கு மட்டும் இந்த ஏற்பாடு ஏன் கிடையாது?

கம்பெனிகளுக்கும் இதில் லாபம் உண்டு. இரண்டாம் நாளே சுத்தம் செய்து உலர்த்தினால் கதவு நிலையும் வயரிங்கும் பிழைக்கும். தாமதிக்கத் தாமதிக்க சேதம் ஏறும், பெயிண்ட் அடித்த சுவர் மறுபடி உரியும், அது யார் தலையில் என்று சண்டை வரும். சேதம் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பாலிசிதாரரின் பொறுப்பு என்று எழுதிவைத்துவிட்டு, சர்வேயர் வரும்வரை கையை வைக்காதே என்பது எந்த ஊர் நியாயம்?

இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யும் கம்பெனிகளும் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. வீடியோ எடுத்து அனுப்பியதுமே சுத்தம் செய்யத் தொடங்கலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுங்கள். பயிற்சி பெற்ற நிறுவனங்களை மாவட்டவாரியாகப் பட்டியலிட்டு, அவர்களுக்கு நேரடியாகப் பணம் கட்டுங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்குப் பூட்ஸ், கையுறை, முகக்கவசம், தடுப்பூசி இல்லாத நிறுவனத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அந்தச் செலவை 2 சதவீதத்துக்குள் திணிக்காமல் தனித் தலைப்பில் கொடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், அதற்குள் ஒரு சுற்றறிக்கையாவது வரட்டும்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர், சென்னை